பெயிண்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், கிரீஸ் நிப்பிளைப் பாருங்கள்

பேராக்கில் சுங்கை சிப்புட், செம்மோர், கோலகங்சார் வட்டாரத்தில் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். பிள்ளைகள் எல்லாரும் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட, வயதான அப்பா அம்மா மட்டும் வண்டியோடு ஊரில் இருக்கும் வீடு என்றால் கட்டாயம் படியுங்கள். அப்படிப்பட்ட வீடுகளாகப் பார்த்துத்தான் ஏமாற்றுகிற பட்டறைக்காரர்கள் வருகிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்று, அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தபோது அங்கிருந்த டிரசரிடம் (மருத்துவ உதவியாளரிடம்) வாங்கிய 1965ஆம் வருட மோரிஸ் மைனர். இன்னொன்று, அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தபோது தவணையில் எடுத்த டட்சன் 120ஒய். அப்பாவுக்கு 79 வயது, அம்மாவுக்கு 74. ஞாயிற்றுக்கிழமை காலையில் மோரிஸை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்ப் பசியாறிவிட்டு, பழைய தோட்டத்து வழியாக ஒரு சுற்று சுற்றி வருவார்கள். பால்மரம் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. ஆனாலும் எந்த லயத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று இருவரும் பேசிக்கொண்டே வருவார்கள். அந்தப் பயணம் நிற்கக்கூடாது என்றுதான் அண்ணனும் நானும் தம்பியும் செலவைப் பகிர்ந்துகொண்டு இரண்டு வண்டிகளையும் ஓட வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வருடக்கணக்காக வண்டியைப் பார்த்துவந்த சீனத் தவுக்கே (பட்டறை முதலாளி) வயதாகிக் கடையை மூடிவிட்டார். மூடும் முன்பே அவர் சொன்னார்: முன்பக்கக் கீழ் டிரனியன் இரண்டும் தேய்ந்துவிட்டன, மாற்றாமல் ஓட்டாதீர்கள் என்று. மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். முன்சக்கரம் திரும்புவதற்கான கம்பி கீழே ஒரு மரையில்தான் உட்கார்ந்திருக்கும். கிரீஸ் இல்லாமல் ஓட்டினால் அந்த மரை தேயும். முழுவதும் தேய்ந்தால் ஒருநாள் கம்பி கழன்று, சக்கரம் மட்கார்டுக்கு அடியில் மடங்கிவிடும்.

இதைச் செய்து கொடுக்கத்தான் ஈப்போவுக்குப் போகும் பழைய சாலையில் இருக்கும் ஒரு பட்டறையைப் பிடித்தோம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் எங்கள் மனு இருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்தார். அப்பாவை "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டு, அம்மா போட்ட தேநீரைக் குடித்து, கைப்பேசியில் பளபளவென்று பத்துப் பதினைந்து பழைய கார்களைக் காட்டினார். டிரனியன் மாற்ற, தரையின் துருவை வெட்டித் தகரம் வெல்டிங் செய்ய, பிரேக், கார்புரேட்டர் சர்வீஸ், பெயிண்ட் என்று மொத்தம் 14,500 வெள்ளி (ரிங்கிட்). பாதியை முன்பணமாக வாங்கினார். மீதியையும் வாங்கிக்கொண்டுதான் வண்டியை வெளியே விட்டார்.

வண்டி வந்த அன்று யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அப்படி ஒரு பெயிண்ட். அம்மா எலுமிச்சம்பழம் வைத்து சாமி கும்பிட்டார். அப்பா மட்டும் பேசாமல் போய் பானட்டைத் திறந்தார். எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் ஒரு சின்னப் பித்தளை மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்துக் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும். அப்பா அதைத் தவறாமல் செய்பவர். இப்போது அங்கே கறுப்பு பிளாஸ்டிக் மூடி. உடனே போன் போட்டார். "பழசு தேஞ்சு போச்சுங்க ஐயா, நல்லதா ஒண்ணு மாத்திட்டோம்" என்று பதில் வந்தது. பழையது எங்கே என்று கேட்டதற்கு, தூக்கிப் போட்டாகிவிட்டது என்றார்.

மூடி மட்டுமல்ல, கார்புரேட்டரே வேறு. உள்ளே இருக்கும் ஊசி எங்கள் இஞ்சினுக்குப் பொருந்தவில்லை. பெட்ரோல் அதிகமாக இறங்கி, கறும்புகை விட்டது. பிளக் எல்லாம் கரி பிடித்தது. இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து நடந்ததைப் பொறுத்துக்கொள்ளவே முடியாது.

ஒரு ஞாயிறு, அப்பா சாப்பாட்டுக் கடை முன்னால் வண்டியை நிறுத்த ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பியபோது இடது முன்சக்கரம் மடங்கியது. மட்கார்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டது. பக்கத்தில் அம்மா. நடக்கும் வேகம்தான் என்பதால் இருவருக்கும் அடி இல்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதே வண்டி லோரிகளோடு பெரிய சாலையில் வந்தது. அங்கே கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

இழுவை லோரியில் ஏற்றி ஈப்போவில் வேறொரு போமனிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோனோம். வண்டியைத் தூக்கியதும் அவர் என்னைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். டிரனியனில் கிரீஸ் ஏற்றுவதற்கு ஒரு குமிழ் இருக்கும், நிப்பிள் என்போம். அதன் வாயில் பட்டாணியை விடச் சின்னதாக ஓர் உருண்டை, அழுத்தினால் உள்ளே போகும். அந்த உருண்டையின் மேல் கறுப்புப் பெயிண்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் படிந்திருந்தது. கிரீஸ் துப்பாக்கியை ஒருமுறை வைத்திருந்தால்கூட அந்தப் பெயிண்ட் உடைந்திருக்கும். நகத்தால் சுரண்டினார். அடியில் பழைய துரு. பில்லில் என்ன எழுதியிருக்கிறது? 'முன்பக்க டிரனியன் இரண்டு, புதுசு. கிரீஸ் சர்வீஸ்.'

அப்புறம் காந்தத்தை எடுத்துத் தரையில் வைத்தார். ஓட்டுநர் பக்கம் எங்குமே ஒட்டவில்லை. துருப்பிடித்த தகரத்தின் மேல் ஃபைபர் துணியை ஒட்டி, புட்டி பூசி, கறுப்பு அடித்திருந்தார்கள். இந்த வண்டியில் பிரேக் எண்ணெய் ஊற்றும் இடம் ஓட்டுநரின் காலடியில், தரைக்கு அடியில் இருக்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி ஒரு தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். அந்தத் தகட்டின் மேலேயே புதுக் கார்ப்பெட்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். உள்ளே எண்ணெய் தேநீர் நிறத்தில் கிடந்தது. பிரேக் சர்வீஸுக்குத் தனியாக 900 வெள்ளி வாங்கியிருந்தார்கள்.

மோரிஸ் மடங்குவதற்கு முன்பே இதே ஆள் டட்சனுக்கும் வலை போட்டிருக்கிறார். இஞ்சின் போய்விட்டது, நல்ல இஞ்சின் ஒன்று கைவசம் இருக்கிறது, வண்டியையும் கிரானையும் (வண்டியின் பதிவுப் பத்திரத்தையும்) கொடுங்கள் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா கொடுக்கவில்லை. "கிரான் பீரோவை விட்டு வெளிய வராது தம்பி, நகலு வேணும்னா எடுத்துக்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதுதான் சரி. இஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யிடம் அனுமதி வாங்கி, வாகனச் சோதனை நிலையமான புஸ்பகோமில் சோதனை செய்து, கிரானில் எண்ணைத் திருத்த வேண்டும். யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்த இஞ்சினைச் சத்தமில்லாமல் மாட்டிவிட்டுப் போனால், நாளைக்குச் சோதனையில் எண் பொருந்தாமல் பதில் சொல்ல வேண்டியவர் 74 வயது அம்மா. டட்சனை ஈப்போ போமன் பார்த்தார். இஞ்சினுக்கு ஒன்றுமில்லை. வால்வு இடைவெளியைச் சரிசெய்ததும் ஓடுகிறது.

பணம் போனது போகட்டும் என்று விட நாங்கள் தயாராக இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் விடாதீர்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். வழக்கறிஞர் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். நாங்கள் பில், படங்கள், ஈப்போ போமன் எழுதிக் கொடுத்த அறிக்கை, காந்தம் ஒட்டாத தரையின் வீடியோ எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். கழற்றிய டிரனியனும் ஒரு டின்னில் பத்திரமாக இருக்கிறது.

வண்டி விடும்போது என்னென்ன வேலை, எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். பட்டறைகள் இதைக் கொடுக்க வேண்டும் என்று 2002லேயே விதி வந்துவிட்டது. விடுவதற்கு முன் இஞ்சின் எண், கார்புரேட்டர், டைனமோ, மீட்டர் எல்லாவற்றையும் படம் எடுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள், தேய்ந்து போனதாக இருந்தாலும் சரி. பெயிண்டைக் கடைசியில் அடிக்கச் சொல்லுங்கள். வெல்டிங் முடிந்ததும் தகரத்தை நேரில் பார்த்த பிறகுதான் அடுத்த பணம். டிரனியன் இங்கிலாந்திலிருந்து இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. சாமான் வரவில்லை என்று எவராவது சாக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

கடைசியாக ஒரு உதவி. எங்கள் கார்புரேட்டர் கட்டாயம் எங்கேயோ விலைக்குப் போயிருக்கும். ஒன்றேகால் அங்குல எஸ்.யூ. எச்.எஸ்.2 ரகம், பித்தளை மூடி. பெட்ரோல் கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் உட்புறத்தில் அப்பா ஆணியால் கீறிய சின்ன வேல் ஒன்று இருக்கும். யார் கையிலாவது இருந்தால் நீங்கள் கொடுத்த விலைக்கே நான் வாங்கிக்கொள்கிறேன். எந்தப் பட்டறையில் வாங்கினீர்கள், எந்தத் தேதி என்று மட்டும் ஒரு கடுதாசியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். தீர்ப்பாயத்துக்கு அது வேண்டும்.