கிளைடர் கழகத்தில் பாதுகாப்பு மேலாண்மை முறைமை: ஆறு ஆண்டு அனுபவம்

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரைப் பறக்கவிடும் எங்கள் கழகத்தில், ஆபத்துகளை முன்கூட்டியே கண்டறிந்து தடுக்கும் ஒழுங்கான வழிமுறையான பாதுகாப்பு மேலாண்மை முறைமையை நடைமுறைப்படுத்தும் பொறுப்பை நான் ஏற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. கழகத்தில் ஊதியம் பெறுபவர் எவரும் இல்லை. கிளைடரைத் தரையிலிருந்து கயிற்றால் இழுத்து ஏற்றும் வின்ச் எந்திரத்தை இயக்குபவர், அதை வானில் இழுத்துச் செல்லும் இழுவை விமானம் ஓட்டுபவர், பயிற்றுநர், பராமரிப்பைக் கவனிப்பவர் எல்லோருமே வார இறுதிகளில் வந்து உழைக்கும் உறுப்பினர்கள்தாம். அத்தகைய இடத்தில் இந்த முறைமை எப்படி வேலை செய்கிறது என்பதை, இதைத் தொடங்க எண்ணும் பிற கழகத்தினருக்காக எழுதுகிறேன்.

2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 19ஆம் இணைப்பு, இந்த முறைமையை நான்கு கூறுகளாகவும் அவற்றுக்குள் பன்னிரண்டு உட்கூறுகளாகவும் வகுத்துள்ளது. அது பெரிய நிறுவனங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. நாங்கள் முதல் ஆண்டில் செய்த தவறு, அத்தகைய நிறுவனம் ஒன்றின் கையேட்டை முன்மாதிரியாக எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டதுதான். அதில் சொல்லப்பட்ட குழுக்கள் அனைத்திலும் அதே நான்கு பேர்தான் அமர வேண்டியிருந்தது. உறுப்பினர்களோ அதைப் படிக்கவே இல்லை. இரண்டாம் ஆண்டில் அதை ஒதுக்கிவிட்டு, நாங்கள் உண்மையில் செய்வதை மட்டும் சில பக்கங்களில் எழுதினோம்.

தாங்கள் கண்ட ஆபத்துகளையும் தவறுகளையும் உறுப்பினர்கள் எழுதித் தரும் அறிக்கைகள் தொடக்கத்தில் வந்தன. ஆனால் ஓடுபாதையோரம் வளர்ந்த புல், தவறான இடத்தில் நிறுத்தப்பட்ட வாகனம் என்று எவர் மீதும் பழி விழாத செய்திகளாகவே வந்தன. நிலைமையை மாற்றியது, நீண்ட அனுபவம் கொண்ட ஒரு பயிற்றுநர் தம்மைப் பற்றியே எழுதிய அறிக்கை. இறக்கையிலிருந்து எழுந்து கிளைடரைக் கீழிறக்க உதவும் தகடான ஏர்பிரேக்கைப் பூட்டாமல் அவர் புறப்பட்டிருக்கிறார்; இழுவையின்போது அது தானாகத் திறந்துகொண்டதால் கிளைடர் உயர முடியாமல் தடுமாறியிருக்கிறது. இழுவை விமானி சுக்கானை இடமும் வலமும் அசைத்துக் காட்டினார். 'உன் ஏர்பிரேக்கைப் பார்' என்பதே அந்தச் சைகையின் பொருள். இறக்கைகளை ஆட்டினால்தான் 'உடனே கயிற்றை விடு' என்று பொருள். பதற்றத்தில் இரண்டையும் குழப்பிக்கொண்ட அவர் தாழ்வான உயரத்திலேயே கயிற்றை விடுவித்து, நல்வாய்ப்பாக எதிரே இருந்த வயலில் இறங்கினார். அவரே இதை எழுதிய பிறகு, மற்றவர்கள் தயங்குவதற்குக் காரணம் குறைந்தது. ஆண்டுச் சோதனைப் பறப்பில் இரு சைகைகளையும் வானிலேயே காட்டிப் பயிற்சி அளிப்பதும், இறக்கை நுனியைப் பிடிப்பவர் ஏர்பிரேக் மூடியிருப்பதைத் தம் கண்ணால் பார்த்த பிறகே புறப்பாட்டுச் சைகை தருவதும் அந்த ஓர் அறிக்கையால் வந்தவை.

அடுத்து வந்த ஓர் அறிக்கையும் அதற்கு ஈடானது. இழுவண்டியிலிருந்து இறக்கிய கிளைடரைப் பொருத்திக்கொண்டிருந்த உறுப்பினர், நடுவில் வந்த தொலைபேசி அழைப்புக்குப் பிறகு மூக்கை மேலும் கீழும் திருப்பும் வால் பரப்பான எலிவேட்டரின் இணைப்பை விட்டுவிட்டார்; மற்றொருவர் கட்டுப்பாட்டுப் பரப்பைக் கையால் பிடித்துக்கொள்ள, உள்ளிருந்து குச்சியை அசைத்துப் பார்க்கும் சோதனையில்தான் அது தெரிந்தது. இடையில் நின்ற வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதி இப்போது பொருத்தும் இடத்திலேயே எழுதி ஒட்டப்பட்டுள்ளது.

அறிக்கை எழுதியவரின் பெயரை மறைப்பது பெரிய அமைப்புகளில் பயன்படுகிறது; எங்களுக்குப் பயன்படவில்லை. அமெரிக்காவில் 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே மலையில் மோதி 92 பேர் இறந்த விமான விபத்துக்குச் சுமார் ஆறு வாரங்கள் முன்பு, வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில், எவ்வளவு உயரம் வரை இறங்கலாம் என்ற அதே குழப்பத்தில் சிக்கித் தப்பியிருந்தனர். அந்தச் செய்தி அந்நிறுவனத்துக்கு வெளியே போகவில்லை. அதன் பின்னர் 1976இல் தொடங்கிய அறிக்கை முறையை, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட ஆணையத்திடம் விடாமல் நாசா நடத்துகிறது. எழுதியவரின் அடையாளமும் நீக்கப்படுகிறது. சிறிய கழகத்தில் 'ஞாயிற்றுக்கிழமை, இரட்டை இருக்கை கிளைடர், மூன்றாம் பறப்பு' என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே பெற்றுக்கொள்பவரையும் நடவடிக்கை எடுப்பவரையும் பிரிக்கும் கொள்கையை மட்டும் எடுத்துக்கொண்டோம்: அறிக்கை தலைமைப் பயிற்றுநரிடம் போகாது, எழுதியவர் படித்து ஒப்புக்கொள்ளாத எதுவும் உறுப்பினர்களுக்கு அனுப்பப்படாது.

ஓர் ஆபத்து நிகழும் வாய்ப்பையும் அதன் விளைவின் கடுமையையும் எண்களால் மதிப்பிடும், ஐந்துக்கு ஐந்து கட்டங்கள் கொண்ட இடர் அட்டவணை என்னை ஏமாற்றியது. ஒரு மாலை முழுவதும் எண்களைப் பற்றியே வாதாடியிருக்கிறோம். வின்ச் கயிறு அறுவது அடிக்கடி நிகழக்கூடியது என்பதால் மேலே ஏறியது. அதற்கோ ஒவ்வொரு மாணவரும் திரும்பத் திரும்பப் பயிற்சி பெறுகிறார். மேலெழும் ஒரே வெப்பக்காற்றில் உயரம் பெறப் பல கிளைடர்கள் சுழலும்போது நேரக்கூடிய மோதல் அரிது என்பதால் கீழே இறங்கியது. இப்போது எண் போடுவதை விட்டு, 'இதை இன்று தடுப்பது எது, ஆள் குறைவான நாளிலும் அது இருக்கிறதா' என்று கேட்கிறோம்.

மாறாக, மாற்றங்களுக்கு முன் இடர்களை எழுதிப் பார்க்கும் பகுதி முழு மதிப்புடையது. வின்ச்சின் எஃகுக் கயிற்றை நீக்கிச் செயற்கை இழைக் கயிற்றுக்கு மாறியபோது, எடை குறைந்த கயிறு குறுக்குக் காற்றில் எவ்வளவு விலகி விழும் என்பதையும், கயிறு விடுபடாத அவசரத்தில் எஃகை வெட்டிய வின்ச்சின் கத்தி இந்த இழையையும் வெட்டுமா என்பதையும் முன்கூட்டியே சோதித்தோம்.

நான்காம் ஆண்டில் அறிக்கைகள் குறைந்தன. கழகம் பாதுகாப்பாகிவிட்டது என்று குழு மகிழ்ந்தது. கோப்பைப் புரட்டியபோது காரணம் என்னிடமே இருந்தது: சில அறிக்கைகளுக்கு மூன்று மாதமாகியும் நான் பதில் எழுதவில்லை. ஒவ்வொருவரிடமும் நேரில் பேசி மன்னிப்புக் கேட்டேன். இப்போது இரண்டு வாரத்துக்குள், எதுவும் செய்ய இயலாது என்றாலும் ஏன் இயலாது என்று விளக்கி, பதில் அனுப்புகிறேன். அறிக்கைகள் மீண்டும் வருகின்றன. புதிதாகத் தொடங்குவோர் ஒன்றை மட்டும் கேட்டால், கையேட்டுக்கு முன் இந்தப் பதில் எழுதும் நேரத்தை ஒதுக்குங்கள் என்றே சொல்வேன்.

இதனால் விபத்துகள் குறைந்தன என்று நான் கூற மாட்டேன். ஒரு கழகத்தின் பறப்புகள் அப்படிக் கணக்கிடப் போதுமானவை அல்ல. சொந்தக் கிளைடர் வைத்திருப்போர் இன்னமும் அரிதாகவே எழுதுகின்றனர், வெளி வயல்களில் இறங்கும்போது நிகழ்பவை பெரும்பாலும் அவர்களிடமே தங்கிவிடுகின்றன. இந்தப் பருவத்தில் அவர்கள் கிளைடரைப் பொருத்தும் இடத்துக்கே காலையில் சென்று, உடன் வேலை செய்துகொண்டே கேட்கத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை இருவர் எழுதித் தந்திருக்கின்றனர்.