40 மீட்டர் லேசர் மீட்டர்: பழைய வீட்டுச் சமையலறையில் எப்படி வேலை செய்கிறது?

கடலூர் முதுநகரில் எங்கள் தாத்தா கட்டிய வீடு, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். சமையலறையில் புதிதாக மேடை, அலமாரி எல்லாம் போடலாம் என்று முடிவானதும், ஆசாரி வருவதற்குள் நாமே ஒரு தடவை அளந்து வைப்போமே என்று பாண்டியில் ஒரு ஹார்ட்வேர் கடையில் இந்த லேசர் மீட்டரை வாங்கினேன். சுவரில் சிவப்புப் புள்ளி அடித்து, அதுவரை எவ்வளவு தூரம் என்று திரையில் காட்டும் கருவி. 1,850 ரூபாய். 40 மீட்டர் வரை அளக்குமாம், பிசகினாலும் 2 மில்லிமீட்டருக்குள்தான் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

முதல் நாளே சொதப்பினேன். இந்தக் கருவியில் அளவு எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று மாற்ற ஒரு பட்டன் உண்டு, பின்பக்கத்திலிருந்தா முன்பக்கத்திலிருந்தா என்று. அது தெரியாமல் எங்கேயோ அமுக்கி முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டு, பின்பக்கத்தைச் சுவரில் ஒட்டி வைத்து வரிசையாக எல்லாவற்றையும் அளந்து தாளில் எழுதினேன். கருவியின் நீளம் நாலேகால் இஞ்ச், அது மொத்தமும் ஒவ்வொரு அளவிலும் காணாமல் போயிருக்கிறது. தாளைப் பார்த்து ஃப்ரிட்ஜுக்கு இடம் பத்தாது என்றேன். "அதான் அங்கேயே நிக்குதே, என்னடா பத்தாதுன்ற" என்று அம்மா கேட்ட பிறகுதான் எந்தப் பக்கத்திலிருந்து அளக்கிறது என்று திரையின் மூலையில் காட்டும் சின்னப் படத்தையே பார்த்தேன். வாங்குகிறவர்கள் முதலில் டேப்பால் ஒரு கதவை அளந்து, அதையே லேசரிலும் அளந்து ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அப்புறம், காலை வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வரும் நேரத்தில் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. ஜன்னல் கண்ணாடி மேல் அடித்தால் ஊடுருவிப் போய் எதிர்வீட்டு மதிலை அளந்து சொல்லும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் அளந்தால் பிரச்சினை இல்லை.

இனி நல்லது. பக்கச் சுவர் இரண்டுக்கும் நடுவே தரையோரம் 2,446 மில்லிமீட்டர், மேடை உயரத்தில் 2,438, தலைக்கு மேலே 2,421. ஒரே சுவர்தான், மேலுக்கும் கீழுக்கும் ஒரு இஞ்ச் வித்தியாசம்! 2011-இல் அடித்த ‘தானே’ என்ற புயலுக்குப் பிறகு கிழக்குச் சுவரை மட்டும் சிமென்டில் திரும்பப் பூசினோம், அதன் வேலையாக இருக்கலாம். மேடை அளவை வைத்துக்கொண்டு மேல் அலமாரியையும் அடித்திருந்தால் உள்ளே நுழைந்தே இருக்காது. டேப்பில் இதைச் செய்ய இரண்டு பேர் வேண்டும், மேலே பிடிக்கிறவர் கை தளர்ந்தால் டேப் தொய்ந்து கணக்கு கெடும். லேசரில் தனியாளாக ஐந்து நிமிடத்தில் முடிந்தது, 1,850 ரூபாய்க்கு இது ஒன்றே போதும் என்பேன்.

ஆனால் மூலை செங்கோணமா என்று இது சொல்லாது. ஆசாரி வந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே டேப்பைப் போட்டார். 5 அடி வரவேண்டிய இடத்தில் 5 அடி 3 நூல். "மூலை விரிஞ்சிருக்கு தம்பி, கிரானைட்டை நேர் மூலையா அறுத்தா செவுத்தோரம் சந்து விழும்" என்றார். அவருக்கு எல்லாமே நூல்தான், 8 நூல் ஒரு இஞ்ச். நான் மில்லிமீட்டரில் சொல்ல, அவர் முகம் சுளிக்க, கடைசியில் நூலுக்கு 3 மில்லிமீட்டர் சொச்சம் என்று நானே மாற்றிச் சொன்னேன். திரையில் அடி, இஞ்ச் வருகிறது, நூல்தான் இல்லை! அவர் டேப் நுனிக் கொக்கி ஆடுவதைப் பார்த்து, பழசாகிவிட்டது என்று நினைத்தேன். அது வேண்டுமென்றேதான் ஆடுகிறதாம், உள்ளளவு எடுக்கும்போது கொக்கியின் தடிமன் அளவு உள்ளே போகும், வெளியளவில் அதே அளவு வெளியே வரும்.

தண்ணீர்க் குழாய் சுவரிலிருந்து எவ்வளவு துருத்துகிறது, பிளக் பாயின்ட்டின் கீழ்விளிம்பு எங்கே, தரை எந்தப் பக்கம் சரிகிறது, இதற்கெல்லாம் டேப்பும் ரசமட்டமும்தான். மேடை உயரமும் அப்படித்தான். பழைய மேடை 30 இஞ்ச், அம்மாவுக்கு இடுப்பு வலி. ஆசாரி அவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதிலிருந்து 5 இஞ்ச் கீழே சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். தரையிலிருந்து 32 இஞ்ச். பக்கத்தில் கிரைண்டருக்கு மட்டும் இன்னும் தாழ்வாகக் கேட்டு வாங்கினார் அம்மா.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். புது வீடு, நேரான சுவர் என்றால் டேப்பே போதும், வாங்க வேண்டாம். பழைய வீட்டுக்காரர்கள் வாங்கலாம். பேட்டரி மூடி ஒரே மாதத்தில் தளர்ந்துவிட்டது, இப்போது ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.