வால்டர் வைட்டின் தீராத வன்மம்: பணமா, மானமா?

‘பிரேக்கிங் பேட்’ அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் (2008–2013), புற்றுநோய் வந்தபின் போதைப்பொருள் தயாரிப்பில் இறங்கும் வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட், பழைய கூட்டாளி எலியட்டைக் கடைசிவரை ஏன் மன்னிக்கவே இல்லை?

பணம்தான் என்பது ஒரு கட்சி. சேர்ந்து தொடங்கிய கிரே மேட்டர் நிறுவனத்தில் தன் பங்கை 5,000 டாலருக்கு விட்டுக்கொடுத்தவர் அவர். பிற்பாடு நிறுவனத்தின் மதிப்பு 216 கோடி டாலர். வாராவாரம் அந்தத் தொகையைத் தேடிப் பார்ப்பதாக, போதைப்பொருள் தொழிலில் தன் கூட்டாளியான ஜெஸ்ஸியிடம் அவரே சொல்கிறார். அந்த வயிற்றெரிச்சல் நிஜம்.

சரி, பணம் மட்டும்தான் என்றால், முதல் சீசனில் எலியட் வேலையும் சிகிச்சைச் செலவும் தர முன்வந்தபோது ஏன் மறுத்தார்? மானம் என்ற விளக்கம் இங்கேதான் வலுக்கிறது, என் கட்சியும் அதுதான். எலியட்டின் மனைவியும் தன் முன்னாள் காதலியுமான கிரெட்சனுடன் உணவகத்தில் அவர் பேசும் காட்சியைப் பாருங்கள். என் உழைப்பில் பணக்காரர்கள் ஆனீர்கள் என்று குமுறுகிறார். கிரெட்சனோ, நியூபோர்ட்டில் தன் குடும்பத்தோடு இருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பியது நீதான் என்கிறார். அவரை யாரும் துரத்தவில்லை. அதை ஒப்புக்கொள்ள முடியாமல்தான் பழியை அவர்கள்மேல் போடுகிறார். கடைசி எபிசோடில் தன் பணத்தை மகனிடம் கொண்டுசேர்க்கச் சொல்லி அவர்களையே மிரட்டும்போதுகூட, அவர்கள் காசு ஒரு சென்ட்டும் அதில் சேரக்கூடாது என்று கறாராகச் சொல்கிறார்.