கிரய அக்ரிமென்ட்: பதிவதா, கையெழுத்தோடு நிறுத்துவதா?

தமிழ்நாட்டில் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது மூன்று வழிகள் பேச்சில் வரும்: முத்திரைத்தாளில் கையெழுத்து மட்டும் போட்ட அக்ரிமென்ட், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அக்ரிமென்ட், கிரயத்துக்குப் பதிலாகப் பவர் (சொத்தை விற்க அதிகாரம் தரும் பத்திரம்).

பவரை முதலிலேயே கழித்துவிடலாம். பவர், அக்ரிமென்ட், உயில் என எல்லாம் சேர்த்து வாங்கினாலும் சொத்துரிமை மாறாது என்று சூரஜ் லேம்ப் வழக்கில் 2011-லேயே உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாகிவிட்டது. எழுதிக்கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் செல்லுமா என்ற தகராறு வேறு.

மற்ற இரண்டில்தான் குழப்பம். 1-12-2012 முதல் இங்கே கிரய அக்ரிமென்ட்டைப் பதிவது கட்டாயம். ஆனால் பதியாத அக்ரிமென்ட்டையும் கிரயம் செய்துதரக் கோரும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு 'பதிவே வேண்டாம்' என்பவர்கள் உண்டு. அந்தச் சாட்சியம் விற்பவரை மடக்க உதவும். அவர் இடையில் இன்னொருவருக்குக் கிரயம் செய்துவிட்டால்? உங்கள் ஒப்பந்தம் தெரியாமல், நல்லெண்ணத்தில் பணம் கொடுத்தவரைச் சட்டம் காக்கும். பதிந்திருந்தால் 'தெரியாது' என்ற வாதம் எடுபடாது, சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிலேயே வந்துவிடும். சுவாதீனம் வாங்கிக் குடியேறியவருக்கும் 2001-க்குப் பின் பதிந்த பத்திரம் இருந்தால்தான், அந்தச் சுவாதீனத்தைக் காக்கும் சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவின் பாதுகாப்பு.

கட்டணம் பெரிதல்ல: பதிவுக் கட்டணம் முன்பணத்தில் 1 சதவீதம், சுவாதீனமும் கொடுத்தால் முழு விலைக்கும். விற்பவர் தயங்குவதற்கும் நியாயம் உண்டு. பேரம் முறிந்தால் இருவரும் வந்து ரத்துப் பத்திரம் பதியும்வரை வில்லங்கத்தில் அந்தப் பதிவு நிற்கும். கெடு, முன்பணம் திரும்பும் நாள், ரத்துக்கு ஒத்துழைக்கும் நிபந்தனை மூன்றையும் எழுதினால் அவர் தயக்கம் குறையும்.

சொத்து விவரத்தை மட்டும் அவசரமாக எழுதாதீர்கள். பட்டாவில் 112/3பி என்றிருக்க, 112/3 என்று பதிந்தால், உட்பிரிவைப் போட்டு வில்லங்கம் தேடுபவர் கண்ணில் உங்கள் அக்ரிமென்ட் படாமல் போகலாம். பதிந்தும் பதியாத கதைதான்.

ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்டதா? நான்கு மாதத்துக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்யலாம். கிரயம் கோரும் வழக்குக்கான காலவரம்பு, பதிந்தாலும் பதியாவிட்டாலும் ஒன்றுதான்: அக்ரிமென்ட்டில் கிரயத்துக்குக் குறித்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.