ஏற்காட்டில் எங்கள் பழைய வீட்டை விரிவாக்கித் தந்த ஒப்பந்தக்காரர்: ஒரு மதிப்புரை

இரண்டாவது குழந்தை பிறந்ததும், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தனியாக இருந்த மாமனாரும் மாமியாரும் எங்களோடு வந்து தங்க முடிவானதும், ஏற்காட்டுச் சரிவில் தாத்தா விட்டுச் சென்ற இரண்டறை ஓட்டு வீடு போதாமல் போயிற்று. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றே முதலில் பார்த்த மூவரும் சொன்னார்கள். நான்காவதாக வந்த சேலத்து ஒப்பந்தக்காரர் அறைகளைப் பற்றிப் பேச்செடுக்காமல், மழை நாளில் மறுபடி வருவதாகச் சொல்லிச் சென்றார். சொன்னபடியே ஐப்பசி மழையில் குடையோடு வந்து, மேட்டிலிருந்து தண்ணீர் எந்த வழியாக இறங்கி எந்தச் சுவரில் முட்டுகிறது என்று ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். வேலையை அவரிடம் ஒப்படைக்க எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பழைய சுவர்கள் கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்தவை. பிற்காலத்தில் அவற்றின்மேல் பூசப்பட்ட சிமெண்ட், கல்லிடையே ஏறிய ஈரத்தை வெளியேறவிடாமல் அடைத்துவிட்டதால், மேட்டுப் பக்க அறையில் ஓதம் காய்ந்ததே இல்லை. அந்தப் பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பே பூசினார்கள். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டைத் தாங்கும் தடுப்புச் சுவரை எழுப்பியபோது, தேங்கும் நீரின் அழுத்தமே இத்தகைய சுவர்களைச் சாய்க்கிறது என்று விளக்கி, அதன் பின்புறம் ஜல்லி நிரப்பி, நீர் வடியும் குழாய்களை வெளிப்பக்கம் சாய்வாகப் பதித்தார்கள். இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. மாமியார் உறங்கும் அந்த அறையின் சுவரில் இன்று கை வைத்தால் ஈரம் படுவதில்லை.

புதிய இரண்டு அறைகளும் பள்ளப் பக்கத்தில் அமைந்தன. அங்கே மேலே கிடந்தது பழைய காலத்தில் கொட்டிச் சமன் செய்த மண் என்பதைக் கண்டதும், கூடுதல் செலவாகும் என்று முன்பே சொல்லி என் சம்மதத்தைப் பெற்று, கடைக்காலைக் கெட்டித் தரை வரை இறக்கினார். பழைய வீடு தன் எடையால் மண்ணில் எப்போதோ அமர்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் அமரும், பிணைத்தால் விரிசல் விடும் என்பதால், இரண்டு சுவர்களையும் பிணைக்காமல் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டார். முதலில் வந்து பார்த்த மூவரில் ஒருவரும் இதைக் குறிப்பிடவே இல்லை.

குறைகளும் உண்டு. ஏற்காடு மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருவதால் அனுமதிக்குக் காத்திருக்க நேர்ந்தது. அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், தையில் தொடங்கி வைகாசிக்குள் முடிவதாகச் சொன்ன வேலை ஆவணி வரை நீண்டது. மங்களூர் ஓட்டுக் கூரையும் புதிய தளமும் சேரும் இடம் முதல் மழையிலேயே ஒழுகியது. தகவல் சொன்ன மூன்றாம் நாளே வந்து அந்த இணைப்பை மூடும் தகட்டை மாற்றினார், அதற்குப் பணம் வாங்கவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மணலும் கம்பியும் ஏற்றி வரும் லாரி வாடகை மட்டும் மதிப்பீட்டில் சேர்க்கப்படாமல், பின்னர் தனியாகக் கேட்கப்பட்டது. அவரை நாடுவோர் அந்தத் தொகையைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.