அரிப்பு என்றால் சொறிவதா? வேதிப் பாதுகாப்புச் சொல் அட்டைகளோடு ஆறு மாதம்

கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் ஸ்டோர் சாவி 19 வருடமாக என்னிடம்தான் இருக்கிறது. புதிதாக உதவிக்கு வருகிறவர்களுக்கு லேபிள் படிக்கக் கற்றுக்கொடுப்பதும் என் வேலைதான். இத்தனை நாள் வாயாலேயே சொல்லி ஓட்டினேன். ஆறு மாதத்துக்கு முன்பு தமிழில் அச்சிட்ட பாதுகாப்புச் சொல் அட்டைக் கட்டு ஒன்றைப் பார்த்ததும், தமிழில் இப்படி ஒன்றா என்று உடனே வாங்கிவிட்டேன். மொத்தம் 60 அட்டைகள். முன்பக்கம் படமோ சொல்லோ இருக்கும், பின்பக்கம் விளக்கம்.

அட்டையின் தரத்தில் குறை சொல்ல முடியாது. மேலே பிளாஸ்டிக் பூச்சு, மூலையில் வளையம். ஒரு நாள் நீர்த்த அமிலம் தெறித்தது. துடைத்ததும் பழையபடி ஆகிவிட்டது.

படங்களும் நன்றாகவே இருக்கின்றன. வேதிப்பொருள்களின் ஆபத்தை லேபிளில் காட்ட ஐக்கிய நாடுகள் சபை 2003-ல் வெளியிட்ட உலகப் பொது முறையின் ஒன்பது குறிகளும், சிவப்பு விளிம்புள்ள சாய்சதுரத்துக்குள் அப்படியே வந்திருக்கின்றன. வெறும் தீயையும், வட்டத்தின் மேல் எரியும் தீயையும் அடுத்தடுத்து வைத்தவருக்கு ஒரு கும்பிடு. முதலாவது எளிதில் தீப்பிடித்து எரியும் பொருள். இரண்டாவது, பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும் ஆக்சிஜனேற்றி. பொட்டாசியம் பெர்மாங்கனேட் பாட்டிலைக் காட்டி இதை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். அட்டை இரண்டே வரியில் முடித்துவிட்டது. அன்றைக்கே ஸ்டோரில் ஒரு தட்டைக் காலி செய்தோம். எனக்கு முன்பு இருந்தவர் ஆங்கில அகர வரிசைப்படி எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார். அதனால் ஹைட்ரசீன் ஹைட்ரேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒரே தட்டில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. ராக்கெட்டில் எரிபொருளாகவும் ஆக்சிஜனேற்றியாகவும் பயன்பட்ட ஜோடி அது. இத்தனை வருடம் நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்களைப் பற்றிய அட்டையும் பிடித்தது. இந்த முறையில் வகை 1 என்றால்தான் மிக மோசம், எண் கூடக்கூட ஆபத்து குறையும். ஆனால் தீயணைப்பு வீரர்களுக்காக ஒட்டும் நாலு நிற சாய்சதுரத்தில் 0 என்றால் பயமில்லை, 4 என்றால் மோசம். தலைகீழ். இரண்டையும் ஒரே அட்டையின் இரு பக்கமாகப் போட்டது நல்ல யோசனை.

சிக்கல் சொற்களில்தான்.

உதவிக்கு வந்த பையன் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைக் கையுறை இல்லாமல் எடுக்கப் போனான். ஏன்டா என்று கேட்டால், "அரிப்புன்னுதானே அக்கா போட்டிருக்கு? கழுவினா போயிடும்ல?" என்கிறான். எடுத்துப் பார்த்தேன். அட்டையில் 'தோல் அரிப்பை உண்டாக்கும்' என்றே இருந்தது. இரும்பு அரிப்பு, மண் அரிப்பு என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்குப் பொருள் புரியலாம். தோல் அரிப்பு என்றால் நம் காதுக்குச் சொறிகிற அரிப்புதான் கேட்கும். போதாததற்கு, ஆச்சரியக்குறி போட்ட இன்னோர் அட்டையில் 'தோல் எரிச்சலை உண்டாக்கும்' என்று இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிறவன் எதைப் பெரிதாக நினைப்பான்? எரிச்சலைத்தான். உண்மையில் எரிச்சல் என்பது சிவந்து, காந்தி, பிறகு ஆறிவிடுவது. மற்றது தோலையே தின்று புண்ணாக்குவது, கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதிலும் சோடியம் ஹைட்ராக்சைடு போன்ற வன்காரம் அமிலத்தைவிட ஆழமாகக் கண்ணுக்குள் இறங்கும். தமிழ்ச் சொல் வரிசையைப் புரட்டிப் போட்டுவிட்டது. படத்தில் கையும் உலோகமும் கரைவதைத் தெளிவாக வரைந்துவிட்டு, கீழே இப்படி ஒரு சொல்.

இதைவிட மோசம் 37-ஆம் அட்டை. அசிட்டோனுக்கு 'தீப்பற்றும் வெப்பநிலை 465 டிகிரி செல்சியஸ்' என்று போட்டிருக்கிறார்கள். எண்ணில் தவறில்லை. ஆனால் அது பொறியோ சுடரோ இல்லாமல் ஆவி தானாகவே பற்றிக்கொள்ளும் வெப்பநிலை. நமக்கு முதலில் தெரிய வேண்டியது ஃபிளாஷ் பாயின்ட். அதாவது ஒரு பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் வெப்பநிலை. அசிட்டோனுக்கு அது மைனஸ் 20 டிகிரி அளவில் இருக்கிறது. சாதாரண அறையில் மூடி திறந்த நொடியிலிருந்தே அது தயார். 465 என்று படித்தவன் பக்கத்து மேசையில் சுடர் எரிந்தால் கவலைப்படுவானா? இரண்டுக்கும் தனித்தனி அட்டை போட்டிருக்க வேண்டும்.

சிறு குறைகளும் உண்டு. மண்டையோடு உடனே தாக்கும் நஞ்சு. மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம், புற்றுநோய் போல மெல்ல வருவதையும், குறிப்பிட்ட உறுப்பைக் கெடுப்பதையும் சொல்வது. அந்த இரண்டாவதற்கு 'உடல்நலக் கேடு' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிட்டார்கள். மெத்தனால் பாட்டிலில் தீ, மண்டையோடு, இந்த உருவம் மூன்றும் சேர்ந்து இருக்கும். மூன்றும் ஏன் என்று கேட்டால் அட்டையில் பதில் இல்லை. பழைய ஆரஞ்சுச் சதுரக் குறிகளும் இல்லை. எங்கள் ஸ்டோர் மூலையில் கறுப்புப் பெருக்கல் குறி போட்ட பாட்டில்கள் இன்னும் கிடக்கின்றன. வேதிப்பொருளோடு வரும் பாதுகாப்புத் தரவுத் தாளின் 16 பிரிவுகளையும் ஒரே அட்டையில் பொடி எழுத்தில் திணித்திருக்கிறார்கள். என் கண்ணாடிக்கே எட்டவில்லை. அவசரத்தில் புரட்ட வேண்டிய 4, 5, 6 பிரிவுகளை, அதாவது முதலுதவி, தீ, சிந்தல் மூன்றையும், பெரிதாகப் போட்டிருக்கலாம்.

'அபாயம்', 'எச்சரிக்கை' அட்டையில் ஒரு நல்ல குறிப்பு உண்டு. அபாயம் என்பது கடுமையானதற்கு. அது இருக்கும் லேபிளில் எச்சரிக்கை வராது. இது எனக்கே புதுச் செய்தி.

திருத்தங்களை எழுதி வெளியிட்டவர்களுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அரிப்பு அட்டையில் 'தோலைத் தின்றுவிடும்' என்று எழுதி ஒட்டிவிட்டேன், இப்போது யாரும் சந்தேகம் கேட்பதில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுக்கிறேன், அதில் இரண்டு படங்களுக்கு. நீங்களும் வாங்கினால், 37-ஆம் அட்டையை வளையத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டு மற்றதைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.