டர்பனில் பழைய 3080 வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

2023 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சின்னக் கடையில் பழைய என்விடியா ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு வாங்கி ஏமாந்தேன். கடைப் பெயர் வேண்டாம். நம் ஆட்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கம் போவதாகக் கேள்வி, அதனால் எப்படி ஏமாந்தேன் என்பதை மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

உள்ளே நுழைந்ததும் "வணக்கம் அண்ணா" என்றார் கடைக்காரர். கல்லாவுக்கு மேலே முருகன் படம், பக்கத்தில் அவர் காவடி எடுத்த போட்டோ. கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவராம். அவருடைய தமிழ் அந்த வணக்கத்தோடும் நாலைந்து பலகாரப் பெயர்களோடும் சரி, மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான். மதுரையிலிருந்து வந்து ஐந்து வருடமாக இங்கே கிடக்கிற எனக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. என் புத்தி பாதி அங்கேயே கழன்றுவிட்டது.

மேசை மேல் ஒரே மாடலில் மூன்று கார்டுகள், ஏ, பி, சி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தன. சி 7,500 ரேண்ட், ஏ 9,500. ஏ என்பது "கோல்டன் சிப்பு", நன்றாக ஓவர்கிளாக் ஆகும், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கும் மேலே தள்ளி ஓட்டலாம் என்றார்.

இந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள். ஒரே வேஃபரில் (சிப்புகளைச் செய்கிற சிலிக்கான் தட்டு) வெட்டியெடுத்த இரண்டு சிப்புகள்கூட ஒன்றுபோல் ஓடாது. ஒன்றுக்கு 1900 மெகாஹெர்ட்ஸ் ஓட 0.85 வோல்ட் போதும், அடுத்தது அதே வேகத்துக்கு 0.95 கேட்கும். 3080இல் இருக்கும் ஜிஏ102 என்ற சிப்பு, சாம்சங்கின் 8 நானோமீட்டர் முறையில் செய்தது. முழுச் சிப்பில் கணக்குப் போடும் பகுதிகள், எஸ்எம்கள், 84 உண்டு, 3080இல் 68தான் இயங்கும். அந்த அளவுக்குத் தரம் பிரிக்கிற வேலை கம்பெனியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நம் கைக்கு எது வருகிறதோ அது அவரவர் அதிர்ஷ்டம். சிலிக்கான் லாட்டரி என்று சும்மாவா சொல்கிறார்கள்.

ஏ கார்டுக்கு அவர் இரண்டு சாட்சி வைத்திருந்தார். ஒன்று, போனில் ஒரு ஸ்கிரீன்ஷாட்: கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளின் குட்டிப் பெட்டியில் "ஏசிக் குவாலிட்டி 82.4%", அதாவது சிப்பின் தரத்துக்கு ஒரு மதிப்பெண். கார்டின் பெயர் அதில் எங்கும் இல்லை. திரையின் வலது மூலையில் மணி 14:07 என்று இருந்தது, ஏனோ அது மனதில் தங்கிவிட்டது. இன்னொன்று நேரடிக் காட்சி. ஒரு கேமைத் திறந்து மெனுவில் நிறுத்தினார், மூலையில் 2100 மெகாஹெர்ட்ஸ் ஓடியது. ஓவர்கிளாக் செய்யும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மெமரி வேகத்தை +1500 மெகாஹெர்ட்ஸ் வரை தள்ளினார், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள் என்றேன். "லோட் ஷெட்டிங் நேரம் அண்ணா, இன்வெர்ட்டர்ல ஓடுது. இது 320 வாட் கார்டு, இன்னும் ரெண்டு நிமிஷம் ஓட்டினா கடையே இருட்டாயிடும்" என்றார். அந்த வருடம் இங்கே மின்வெட்டு இல்லாத வீடே கிடையாது. நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன், பணம் எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் வைத்துக் கொடுத்த அதே செட்டிங்கில் கார்டுக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் டைம் ஸ்பை ஸ்ட்ரெஸ் டெஸ்ட் போட்டேன். மூன்றாவது சுற்றில் திரை கறுத்து, டிரைவர் விழுந்தது. எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றி ஓட்டினால் 1750 மெகாஹெர்ட்ஸைச் சுற்றித்தான் நின்றது. சூட்டைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து பார்த்தேன்: மெமரி ஜங்ஷன், அதாவது மெமரி சிப்பின் உள்சூடு, 110 டிகிரி. இந்தக் கார்டில் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி அந்தச் சூட்டில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டர்பன் குளிர்காலத்திலேயே இந்த லட்சணம் என்றால் ஜனவரிப் புழுக்கத்தில் என்ன ஆகியிருக்கும்?

பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். மெனுவில் கார்டுக்கு வேலையே இல்லை, பவரும் சூடும் ஏறாதபோது எந்த 3080ம் பெரிய எண்ணைக் காட்டும். மெமரி விஷயம் இன்னும் நுணுக்கமானது. இந்த வகை மெமரியில் பிழை வந்தால் கார்டு கிராஷ் ஆகாமல் அந்தத் தகவலைத் திரும்ப அனுப்பி வாங்கிக்கொள்ளும். அதனால் விழவில்லை என்பதற்கு அர்த்தமே இல்லை, டெஸ்டில் ஸ்கோர் ஏறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். என் கார்டில் +500 வரை ஏறியது, +900இல் இறங்கியது, +1500இல் ஒன்றுமே கூட்டாமல் ஓட்டியதைவிட மோசம். ஸ்கிரீன்ஷாட் கதைதான் உச்சம். என்விடியா கார்டுகளில் ஜிபியு-இசட்டால் ஏசிக் குவாலிட்டியைப் படிக்க முடிந்தது ஜிடிஎக்ஸ் 900 வரிசை வரைதான். 3080க்கு அந்த எண்ணே கிடையாது. ஏதோ பழைய கார்டின் படம்.

கார்டைத் திறந்தபோது மெமரியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடெல்லாம் காய்ந்து, எண்ணெய் கக்கி, விரல் வைத்ததும் உதிர்ந்தது. கிரிப்டோ நாணய மைனிங்கில் இரவு பகலாக ஓடிக் கிடந்த கார்டு என்றுதான் நினைக்கிறேன். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் மைனிங்கைக் கைவிட்டதிலிருந்து இப்படிப்பட்டவை சந்தையில் கொட்டிக் கிடந்தன.

திரும்பப் போனேன். பில்லின் அடியில் இருந்த "ஃபுட்ஸ்டூட்ஸ்" என்ற வார்த்தையைத் தொட்டுக் காட்டினார். உள்ளது உள்ளபடி விற்றது, குறை கண்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று அர்த்தம். தனியாள் தன் பழைய பொருளை விற்றால் அது ஓரளவு செல்லும். தொழிலாக விற்கிற கடைக்கு அந்த ஒற்றை வார்த்தை போதாது. இந்த நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவுப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம்; ரிப்பேரா, மாற்றா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். இன்ன குறை இருக்கிறது என்று முன்பே தெளிவாகச் சொல்லி நாமும் ஒப்புக்கொண்டிருந்தால்தான் விலக்கு. இதை அச்செடுத்து நீட்டி, நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் புகார் கொடுக்கப் போகிறேன் என்றதும் "அண்ணா" போய் "சார்" வந்தது. ஏ கிரேடுக்காக வாங்கிய 2,000 ரேண்டைக் கொடுத்தார். முழுப் பணத்துக்கும் நின்றிருக்க வேண்டும், எனக்குத்தான் மறுபடி மறுபடி அலைய அலுப்பு.

350 ரேண்டுக்குப் பேட் வாங்கி நானே மாற்றினேன், மெமரி 90 டிகிரிக்கு வந்தது. இப்போது வோல்டேஜைக் குறைத்து 1800 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். அவர் சி என்று ஒட்டிய கார்டு ஒருவேளை இதைவிட நன்றாக இருந்திருக்கும்.

போன மாதம் அதே கடையின் விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. இந்த முறை 3090, அதுவும் கோல்டன் சிப்பாம். கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட்: 82.4%, மூலையில் மணி 14:07.